லோகிதாசன் படம்

"படம் இருக்குத் தம்பி. லோகிதாசன் படம்."

"கதையை விடுங்கோ அம்மா. மகன்ர படம் இருக்கோ, இல்லையோ?"

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு "இல்லை" என்றார். புகைப்படம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

நடந்தது இவ்வளவுதான். நான் குரலைக்கூட உயர்த்தவில்லை. காணாமற்போனவர்களின் குடும்பங்களிடம் பதிவு எடுக்கிற வேலையில் இதைவிடக் கடுமையான பேச்சுகள் எத்தனையோ நடந்திருக்கின்றன. அவற்றில் பலது மறந்துவிட்டது. இது மட்டும் போகமாட்டேன் என்கிறது.

என் பக்கத்தையும் சொல்லவேண்டும். அந்த அம்மா அன்று காலையிலிருந்தே அரிச்சந்திரன் நாடகத்தின் மயான காண்டத்தில்தான் பேசிக்கொண்டிருந்தார்; தர்ப்பை வெட்டப் போய்ப் பாம்பு கடித்து இறந்த மகன் லோகிதாசனைச் சந்திரமதி சுடலைக்குத் தூக்கி வர, அங்கே காவல் நிற்கும் அரிச்சந்திரன் கூலி கேட்கிற கட்டம் அது. விதானையாரின், அதாவது கிராம அலுவலரின், கடிதம் கேட்டேன். "சந்திரமதியிட்டச் சுடலையில கால்பணமும் முழத்துண்டும் கேட்ட மாதிரி, எல்லாரும் என்னட்டத் துண்டுதான் கேக்கிறியள்" என்றார். மகனைக் கடைசியாகக் கண்டது எப்போது என்று கேட்டேன். "தர்ப்பை வெட்டப் போன பிள்ளை மாதிரிப் போனவன்" என்றார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு இதற்கெல்லாம் பொழிப்புரை வேண்டாம். எங்கள் இசைநாடக நடிகர் நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நின்று பாடியதைச் சொல்லும்போது என் அப்பாவுக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். வைரமுத்து 1989 இல் மறைந்தார். சொந்தப் பிள்ளை என்று தெரியாமல் பிணத்துக்குக் கூலி கேட்ட அந்தத் தகப்பன் மட்டும் இங்கே யாருக்கும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் எங்கள் தாய்மார் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்ல வாயெடுத்தபோது, முதலில் கைக்கு வந்தது அந்தக் காட்சிதான்.

ஆனால் கோப்புக்குத் திகதி வேண்டும், இடம் வேண்டும், கண்டவர் பெயர் வேண்டும். அதோடு எனக்கு ஒரு பயமும் இருந்தது. பிரெடெரிக் பார்ட்லெட் என்ற ஆங்கிலேய உளவியலாளரின் ஆய்வைப் பற்றிப் படித்திருந்தேன். 1932 இல் வெளிவந்தது. வட அமெரிக்கப் பழங்குடிகளின் ஒரு கதையை அவர் இங்கிலாந்துக்காரர்களிடம் வாசிக்கக் கொடுத்துத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். பழக்கமில்லாத சங்கதிகள் மெல்லக் கழன்று, பழக்கமானவை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தன. சீல் என்ற கடல்விலங்கை வேட்டையாடுவது மீன்பிடியாக மாறியது. மனிதரின் நினைவு தனக்குத் தெரிந்த கதையின் வடிவத்துக்குள் போய் ஒதுங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஒரு தாயின் சாட்சியமும் அப்படிச் சந்திரமதியின் கதையாக மாறிவிட்டால் அதை யார் ஏற்பார்கள்? கதையை விடுங்கோ என்று நான் சொன்னது அவருடைய நன்மைக்குத்தான். அன்று அப்படித்தான் நினைத்தேன். இன்றும் பாதி நாட்கள் அப்படித்தான் நினைக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து, வேறொரு ஊரில், தன் தம்பியைப் பற்றிப் பதிய வந்த வயதானவர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு காலத்தில் ஆர்மோனியம் வாசித்தவர். பேச்சு முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது பழைய படம் ஒன்றை எடுத்துக் காட்டினார். கோயில் திருவிழாவில் போட்ட மயான காண்டம். சந்திரமதி வேடம் கட்டிய ஆண் தலைவிரி கோலமாக இருக்கிறார். மடியில் ஒன்பது வயதளவில் ஒரு பெடியன் கண்மூடிக் கிடக்கிறான். "இவன்ர தாய் இந்தக் கட்டம் வந்தா எழும்பிப் போயிடுவா. பார்க்கமாட்டா" என்றார். பெடியனின் பெயரைக் கேட்டேன். சொன்னார். அந்தப் பெயரை நான் என் கையால் எழுதியிருக்கிறேன். "ஊரில ஒருத்தரும் அந்தப் பேரைச் சொல்லமாட்டினம். லோகிதாசனா நடிச்சதில இருந்து லோகி எண்டுதான் கூப்பிடுறது."

எங்கள் படிவத்தில் 'வேறு பெயர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை வெறுமையாக விட்டிருந்தேன்.

அந்த அம்மா சொன்ன மற்றதெல்லாம் உவமை. லோகிதாசன் படம் மட்டும் உண்மையாகவே ஒரு படம். அதை உவமையாக்கியது நான். சீல் வேட்டையை மீன்பிடியாக்கியவர்களில் நானும் ஒருவன் என்று அன்று இரவு தோன்றியது. உளவியலாளர் கார்ல் யுங் தொல்படிமம் என்று சொன்னதைப் பற்றியெல்லாம் ஆர்வமாக வாசித்தவன் நான். எந்தத் தாய் அழுதாலும் அந்த அழுகைக்குப் பின்னால் பழைய தாய் ஒருத்தி நிற்கிறாள் என்று நம்பினேன். இன்னும் நம்புகிறேன். ஆனால் பின்னால் நிற்பவளையே பார்த்துக்கொண்டிருந்ததில், முன்னால் கதிரையில் இருந்தவர் சொன்னது என் காதில் விழவில்லை.

அப்புறம் இன்னொரு நியாயமும் வரும். ஒன்பது வயதுப் படம், பவுடர் பூசிய முகம், காணாமற்போனபோது வயது 19. அடையாளத்துக்கு அது உதவாது. சரிதான். 'லோகி' என்ற பெயர் உதவியிருக்குமே என்று உடனே மனம் கேட்கும். தடுத்து வைக்கப்பட்டிருந்து திரும்பியவர்களில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால்? அரிச்சந்திரனும் கடமையைத்தான் செய்தான் என்று என்னைத் தேற்றப் பார்த்தேன். அது நிற்கவில்லை. அவன் கூலி கேட்டான். ஆனால் அவள் கழுத்தில் வேறு யாருக்கும் தெரியாத தாலியைக் கண்டு ஆளை அறிந்துகொண்டான். எனக்கு அந்த அம்மா வாயாலேயே சொல்லியும் தெரியவில்லை.

பெயரைக் கோப்பில் சேர்த்துவிட்டேன். அதில் எனக்குக் குழப்பமில்லை. படம்தான் பிரச்சினை. கிழவரின் சம்மதத்தோடு கைபேசியில் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அந்த அம்மா மரணச் சான்றிதழை மறுத்தவர். இறந்ததாகச் சொல்லாமல் காணவில்லை என்றே சான்றிதழ் தருவதற்கு 2016 இல் சட்டம் வந்தபோது அதையும் வேண்டாம் என்றார். அப்படிப்பட்டவரிடம் மகன் பிணமாகக் கிடக்கும் படத்தை எப்படி நீட்டுவது? கதையில் லோகிதாசன் எழும்புவான். படத்தில் எழும்பமாட்டான். ஆனால் படம் இருக்கிறது என்று என்னிடம் சொன்னவரே அவர்தானே. ஒருவேளை அன்று அவர் என்னிடம் கேட்டதே அதைத் தேடித் தரச்சொல்லித்தானோ?

போன மாதம் வேறு வேலையாக அவர் ஒழுங்கையால் போனேன். படலை திறந்திருந்தது. மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கைபேசியை எடுத்து, படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். கோப்பில் புகைப்படத்துக்கு நேரே இன்னும் 'இல்லை' என்றுதான் இருக்கிறது.