சான்ஸ்கார் நாட்குறிப்பு

ஜூலை 24, பதும்

லடாக்கின் ஸ்டோட், சாரப் ஆறுகள் இரண்டும் இங்கே கலந்துதான் சான்ஸ்கார் ஆறு ஆகிறது. ஊர் கிட்டத்தட்ட 3,600 மீட்டர் உயரம். ஆறு கிளை கிளையாகப் பிரிந்து, பார்க்கச் சாதுவாக ஓடுகிறது. தண்ணீர் சாம்பலைக் கரைத்துவிட்ட நிறம். பனியாறுகள் அரைத்த பாறை மாவு அது. துடுப்பை நிறுத்திக் காது கொடுத்தால், கயாக் என்னும் சிறு துடுப்புப் படகின் அடியில் மணல் உரசிக்கொண்டே போகும் சத்தம் கேட்கிறது.

சாரப்புக்கு வரும் புக்தல் ஆற்றை 2014 டிசம்பர் 31 அன்று மண்சரிவு மறித்து ஏரியாக்கியது. அது 2015 மே 7 அன்று உடைந்து பாலங்களை அடித்துப் போனது. மேலே என்ன நடக்கிறது என்று கேட்காமல் இங்கே இறங்கக் கூடாது.

ஜூலை 25, ஆற்றங்கரை

மாலை ஐந்துக்குத் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்தேன். இரவு பத்துக்கு டார்ச் அடித்தால் கல்லைக் காணோம். எல்லோரையும் எழுப்பி, படகுகளை மேலே இழுத்துக் கட்டினோம். மதிய வெயிலில் உருகியது இவ்வளவு தூரம் வந்து சேர அத்தனை நேரம் ஆகிறது. கீழே போகப் போக ஏற்றம் இன்னும் தாமதமாக வரும்.

ஜூலை 26, மலையிடுக்கு

இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. ஒதுங்கக் கரை இல்லை. ஒரு திருப்பத்தில் அடியிலிருந்து பொங்கிய தண்ணீர் என்னைச் சுவரோடு தள்ளிக் கவிழ்த்தது. இரண்டு முறை நிமிரப் பார்த்தேன், முடியவில்லை. படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்கர்ட்டைப் பிய்த்து வெளியே வந்தேன். அந்தக் குளிரில் மூச்சை உள்ளே இழுக்க முடிந்ததே தவிர, வெளியே விட வரவில்லை. வீசிய கயிறு தோளில் விழுந்தும், விரல் மடங்கவில்லை. முழங்கையில் மாட்டித்தான் பிடித்தேன். நீச்சல் தெரியும் என்பதெல்லாம் இந்தத் தண்ணீரில் சில நிமிடங்களுக்குத்தான்.

ஜூலை 27

நேற்று முழுக்க மேகம்; இன்று ஆறு இறங்கியிருக்கிறது. நிம்மதி என்று நினைக்க வேண்டாம். நேற்று மேலாகத் தாண்டிய பாறைகள் இன்று தலைகாட்டுகின்றன, அவற்றின் பின்னால் தண்ணீர் திரும்பிச் சுருள்கிறது. இரண்டு இடத்தில் ஒதுங்க முடிந்தது. இறங்கி, நடந்து பார்த்துவிட்டே ஓட்டினோம்.

ஜூலை 28, நிம்மு

சிந்துவில் கலந்தாயிற்று. கோடையில் சான்ஸ்கார்தான் இங்கே பெரிய ஆறு. சிந்துவையே ஓரம் தள்ளுகிறது. நாளை மேலே சில்லிங் கிராமத்தில் ஆற்றில் இறங்கும் குழுவிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்: போனதும் கரையில் ஒரு கல் வையுங்கள், டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.