முன் சைட்டில் ஃபோகஸ், வெள்ளை இடைவெளியில் கவனம்

2025 மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுக்க டிரை ஃபயரிங், அதாவது குண்டில்லாமல் சுட்டுப் பழகுவது. பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டு) போடாதபோதுதான் கண் என்ன செய்கிறது என்று நிதானமாகக் கவனிக்க முடிகிறது. ஏர் ரைஃபிளில் மூன்று வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வந்து உட்கார வேண்டும்: கண்ணருகே பின் சைட்டின் (சைட் என்றால் ரைஃபிளில் குறிபார்க்க உதவும் பாகம்) துளை, ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் முன் சைட் வளையம், 10 மீட்டரில் 30.5 மி.மீ. விட்டமுள்ள கருவட்டம். கண்ணின் லென்ஸால் ஒரு சமயத்தில் ஒரு தூரத்துக்குத்தான் முழுக்கூர்மை தர முடியும். அதை முன் சைட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும். வளையத்தின் விளிம்பு துல்லியமாக இருக்கட்டும். கருவட்டம் கொஞ்சம் சாம்பல் பூத்தாற்போலத் தெரிந்தால் அதுவே சரியான படம்.

2025 மார்ச் 6, வியாழன்

புதிதாகச் சேர்ந்த தம்பி விடவில்லை. "டார்கெட் மங்கலாத் தெரிஞ்சா நடுவுல எப்படிண்ணா அடிக்கிறது?" நல்ல கேள்வி. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

வட்டம் மங்கும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில்தான் மங்கும். விளிம்பு கலங்குமே தவிர மையம் நகராது. நாம் தேடுவது மையத்தை மட்டுமே. பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ.; சுடும் இடத்தில் நின்று அதைக் கண்ணால் பிரித்தறியவே முடியாது. தெரியாத ஒன்றைத் தெளிவாகப் பார்க்கப் போராடி என்ன பயன்?

முன் சைட் விஷயம் வேறு. இரண்டு சைட்டுக்கும் இடையே 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின் துளையின் மையத்திலிருந்து முன் வளையம் 0.1 மி.மீ. விலகினால் டார்கெட்டில் அது 1.25 மி.மீ. ஆகிறது. ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மி.மீ. ஆக, தலைமுடியின் பருமன் அளவு பிசகு அரைப் புள்ளியைத் தின்றுவிடும். ஆனால் சைட்டுகள் சரியாக ஒன்றியிருக்க, ரைஃபிள் மொத்தமாக 0.1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் அடியும் அதே 0.1 மி.மீ.தான் நகரும். தம்பி தாளில் கோடு போட்டுப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டான். அப்படித்தான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

2025 மார்ச் 11, செவ்வாய்

"முன் சைட்டைப் பார்" என்று மட்டும் சொல்லிக் கொடுப்பது போதாது என்பது என் உறுதியான எண்ணம். லென்ஸின் கூர்மை எங்கே நிற்கிறது என்பது ஒன்று, மனம் எதை அளக்கிறது என்பது இன்னொன்று. கூர்மை வளையத்தில் நிற்கட்டும். கவனம், வளையத்துக்கும் கருவட்டத்துக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் இருக்க வேண்டும். அந்த வெள்ளை சுற்றிலும் ஒரே அகலமா? மேலே மெலிந்திருக்கிறதா, இடப்பக்கம் தடித்திருக்கிறதா? இந்தச் சமச்சீரைக் கண் தானாகவே உணரும், அளந்து பார்க்க வேண்டியதில்லை. வெள்ளை மிகவும் ஒடுங்கிப்போனால்தான் கண் தடுமாறும். அதனால் நான் கொஞ்சம் பெரிய வளையத்தையே விரும்புகிறேன்.

டார்கெட்டுக்கும் சைட்டுக்கும் மாறி மாறித் தாவுவது வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் மாற ஏறக்குறைய ஒரு நொடி போய்விடும். டிரிகரை அழுத்த வேண்டிய நேரம் அதிலேயே கழிந்துவிடும்.

2025 மார்ச் 15, சனி

நாற்பதைத் தாண்டியவர்களுக்காக இது. கண்ணின் லென்ஸ் விறைக்க விறைக்க முன் சைட் கலங்கத் தொடங்கும். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுடாதீர்கள். டார்கெட் கரைந்தே போகும். தூரப் பார்வைக்கான பவருடன் +0.50 சேர்த்துச் செய்த லென்ஸை ஷூட்டிங் ஃப்ரேமில் மாட்டுவதே வழக்கமான தொடக்கம். கணக்கு எளிது. ஒரு மீட்டரில் உள்ள பொருளுக்கு 1 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) வேண்டும், தொலைவில் உள்ளதற்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். பாதி எடுத்தால் ஃபோகஸ் சுமார் 2 மீட்டரில் விழும். மீதியைப் பின் சைட்டின் சிறு துளை பார்த்துக்கொள்ளும். துளை சிறிதானால் தெளிவாகத் தெரியும் தூர எல்லை விரியும். ஐரிஸை (பின் சைட்டின் துளையைச் சிறிதும் பெரிதுமாக்கும் பாகம்) 1.0 முதல் 1.2 மி.மீ. வரை வைத்துப் பாருங்கள். அதற்கும் கீழே இறுக்கினால் வெளிச்சம் குறையும், சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவதால் விளிம்புகளும் மறுபடி கலங்கும்.

லென்ஸின் நடுப்பகுதி வழியே நேராகப் பார்க்கும்படி ஃப்ரேமைச் சரிசெய்வது முக்கியம். ஓரமாகப் பார்த்தால் படம் இழுபடும்.

2025 மார்ச் 20, வியாழன்

மற்றக் கண்ணை இறுக மூடாதீர்கள். முகத்தசை இழுக்கும், குறிபார்க்கும் கண்ணும் சேர்ந்து களைக்கும். கறுப்பு மறைப்பும் நல்லதல்ல: ஒரு கண் இருட்டில் இருந்தால் இரண்டு கண்மணிகளுமே விரியும். வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை பிளைண்டர் (கண்ணுக்கு முன் மாட்டும் மறைப்பு) போதும்.

நேரமும் பெரிய விஷயம். ஆறு முதல் எட்டு நொடிக்குள் சுட்டுவிடுவது நல்லது. அதற்குமேல் வெறித்துப் பார்த்தால் விழித்திரை அந்தப் படத்துக்குப் பழகிவிடும். ரைஃபிள் நகர்ந்த பிறகும் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தோன்றும். அப்போது சுடாமல் ரைஃபிளை இறக்குங்கள். கண் சிமிட்டுவதை அடக்கவும் வேண்டாம்.

சுட்ட பிறகும் ஃபோகஸ் வளையத்திலேயே ஒரு நொடி நிற்கட்டும். டிரிகர் விட்ட கணத்தில் வெள்ளை இடைவெளி எந்தப் பக்கம் மெலிந்திருந்தது என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு அடி விழுந்த இடத்தைக் காட்டும் மானிட்டரைப் பார்க்கும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.