புது அடுக்களைக்கு ஒரு ஓவன்

பாளையங்கோட்டை மகாராஜ நகரில் நாங்கள் கட்டின வீட்டுக்குக் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அடுக்களைக்குள் நுழைந்ததும் அலமாரிக்குள் பதித்திருக்கிற ஓவன் முன்னால்தான் நிற்கிறார்கள். எந்த கம்பெனி, எவ்வளவு விலை என்று கேட்கிறார்கள். விலையைச் சொல்லிவிடலாம், 46,000 ரூபாய். ஆனால் அதை வாங்குவதற்கு முன்னால் சுவரிலும் மரத்திலும் என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்று நின்ற நிலையில் சொல்லி முடிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். வீட்டு வேலை இன்னும் பூச்சுக்கு வராதவர்கள் யாராவது படித்தால் ரொம்ப சந்தோஷம். பூச்சு முடிந்த பிறகு படித்தால் இதில் பாதி பயன்படாது.

எனக்கு ஓவன் ஆசை வந்ததே அம்மாவால்தான். அம்மா பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே ஆச்சி வீட்டில் முட்டையும் சீனியும் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். முந்திரி, கிஸ்மிஸ், கருக்கின சீனிப்பாகு எல்லாம் போட்டு மாவைக் கலக்கி, தகரங்களில் ஊற்றி, பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். அவர்கள் ரொட்டி சுட்டு முடித்த பிறகு அந்தச் செங்கல் அடுப்பில் மிச்சம் இருக்கிற சூட்டில் நம்முடைய தகரங்களை வைத்துத் தருவார்கள். எந்தத் தகரம் யார் வீட்டுது என்று தெரிய ஓரத்தில் ஒரு சின்னக் குறி இருக்கும். அந்தச் சூட்டை அம்மா 'இறங்கு சூடு' என்பாள். விறகை இழுத்துவிட்ட பிறகு கல் கொஞ்சம் கொஞ்சமாக ஆறிக்கொண்டே வரும், கேக் கருகாமல் உள்ளே வரைக்கும் வேகும். கேக்குக்குப் பிறகு இன்னும் சூடு குறைந்ததும் மக்ரூன் போகும். தூத்துக்குடி மக்ரூனில் இருப்பது மூன்றே பொருள்தான், முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. அதை வேகவைப்பது என்பதைவிடக் காயவைப்பது என்றே சொல்லலாம், கொஞ்சம் சூடு கூடினாலும் நிறம் மாறிவிடும், உள்ளே பிசுபிசுவென்று நிற்கும்.

வாடகை வீட்டில் இருந்தபோது மேஜை மேல் வைக்கிற ஓடிஜி, அதாவது ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த சின்ன ஓவன் ஒன்று வாங்கியிருந்தேன். திருகை 120 டிகிரியில் வைத்தால் உள்ளே 150 காட்டியது. சின்னப் பெட்டி, சூடாக்குகிற கம்பி பக்கத்திலேயே இருக்கும், மக்ரூன் ஒரு தடவைகூட வெள்ளையாக வரவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தால் ஆள் மதுரையிலிருந்துதான் வர வேண்டும் என்றார்கள், ஆறு வாரம் கழித்து வந்து இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் இந்தத் தடவை கடைக்குப் போகும்போது இரண்டே கேள்வியோடுதான் போனேன். 100, 110 டிகிரியில் இது நிதானமாக நிற்குமா? ரிப்பேர் என்றால் திருநெல்வேலியிலேயே ஆள் இருக்கிறாரா?

கடைகளில் இந்த இரண்டையும் தவிர மற்ற எல்லாம் சொன்னார்கள். "மேடம், இதுல 14 ஃபங்ஷன் இருக்கு" என்று ஆரம்பித்தார் ஒரு தம்பி. இன்னொரு கடையில் பில்ட்-இன் ஓவன் என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது பில்ட்-இன் மைக்ரோவேவ். இரண்டும் ஒரே மாதிரி கறுப்புக் கண்ணாடிதான், ஆனால் வேலை வேறு. மைக்ரோவேவ் உணவுக்குள் இருக்கிற தண்ணீரைத்தான் முக்கியமாகச் சூடாக்கும், அதன் உள்ளளவும் 25, 30 லிட்டர் என்று நின்றுவிடும். ஓவன் மேலும் கீழும் கம்பி வைத்துக் காற்றையும் சுவரையும் சூடாக்குகிறது, உள்ளளவு 65 முதல் 75 லிட்டர் வரை இருக்கும். கன்வெக்ஷன் வசதி, அதாவது சூடான காற்றை விசிறியால் சுற்றவிடுகிற வசதி உள்ள மைக்ரோவேவிலும் கேக் வரும்தான், ஆனால் கிறிஸ்துமஸுக்கு ஒரே நேரத்தில் நாலு தகரம் வைக்க வேண்டிய வீட்டுக்கு அது போதாது.

அந்த 14 ஃபங்ஷனில் எனக்குத் தேவைப்பட்டது நாலு. மேல் கம்பியும் கீழ் கம்பியும் சேர்ந்து, விசிறி இல்லாமல், கேக்குக்கும் மக்ரூனுக்கும். விசிறியோடு, இரண்டு தட்டு ஒன்றாக வைக்கும்போது, அப்போது சூட்டை 20 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். கீழ் கம்பி மட்டும், அடி வேகாதபோது. அப்புறம் கிரில், அது மீனுக்கு.

சரி, இனி சுவருக்கு வருவோம். மூன்று கிலோவாட்டுக்கு மேல் இழுக்கிற மாடல்கள் நிறைய. 16 ஆம்ப்ஸ் பாயின்ட் 230 வோல்ட்டில் தாங்குவது 3,680 வாட், அதாவது ஓவன் ஓடும்போது அந்த ஒயரில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜ் பாயின்டிலிருந்து இழுத்துவிடலாம் என்று எங்கள் எலெக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. மெயின் போர்டிலிருந்து ஓவனுக்கென்றே தனியாக 4 ஸ்கொயர் (4 சதுர மி.மீ. கனம்) செம்பு ஒயர், அதற்கு 20 ஆம்ப்ஸ் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்), நல்ல எர்த். பாயின்ட் ஓவனுக்கு நேர் பின்னால் வரக் கூடாது, பிளக் இடித்துக்கொண்டு ஓவன் முழுசாக உள்ளே போகாது. எங்களுக்குப் பக்கத்து அலமாரிக்குள் வைத்தோம், கதவைத் திறந்தால் கை எட்டும். இதெல்லாம் பூச்சுக்கு முன்னால் சுவரைக் கொத்தி பைப் போடும்போதே முடிந்துவிட வேண்டும்.

அடுத்தது ஆசாரி வேலை. ஓவனின் முகப்பு 59.5 செ.மீ. அகலம், அதே அளவு உயரம். உள்ளே போகிற உடம்பு அதைவிடக் குறுகல். 60 செ.மீ. அலமாரிக்கு இரண்டு பக்கமும் 18 மி.மீ. ப்ளைவுட் போனால் உள்ளே 56.4 செ.மீ. கிடைக்கும், பெரும்பாலான மாடல்களுக்கு 56 வேண்டும். கையில் இருக்கிற மிச்சம் அவ்வளவுதான். ஆழம் உள்ளே 55 செ.மீ.க்குக் குறையக் கூடாது. மாடலுக்கு மாடல் சில மி.மீ. மாறும் என்பதால், ஓவனை முடிவு செய்து அதன் அளவுப் படத்தை ஆசாரி கையில் கொடுத்த பிறகுதான் மரத்தை அறுக்கச் சொன்னேன். ப்ளைவுட் ஐஎஸ் 710 முத்திரை உள்ளது, ஈரம் தாங்குகிற மரைன் ப்ளைவுட்டுக்கான முத்திரை அது. பார்ட்டிகிள் போர்டு மலிவுதான், ஆனால் சூடும் ஈரமும் மாறி மாறிப் படுகிற இடத்தில் அது உப்பிவிடும், முப்பது நாற்பது கிலோ கனத்தை அதன் மேல் ஏற்றி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

பின்பலகை விஷயத்தில்தான் ஆசாரிக்கும் எனக்கும் கொஞ்சம் பேச்சு நடந்தது. "யக்கா, பின்னாடி அடைக்கலைன்னா கரப்பான் வருமே" என்றார். அவர் கவலை நியாயமானதுதான். ஆனால் ஓவனில் குளிரூட்ட ஒரு தனி விசிறி இருக்கிறது, அது முன்னால் கதவுக்கு மேலே இருக்கிற இடுக்கு வழியாகச் சூட்டை வெளியே தள்ளும், அதற்குக் காற்று பின்னாலிருந்தும் கீழேயிருந்தும் வந்தாக வேண்டும். காற்று இல்லாவிட்டால் அலமாரி லேமினேட் ஓரம் பிரியும், ஓவனின் எலெக்ட்ரானிக்ஸும் கெடும். கடைசியில் பின்பக்கம் திறந்தே இருக்கட்டும், கீழே காற்று வருகிற வழியில் மட்டும் எவர்சில்வர் வலை அடித்துவிடலாம் என்று முடிவானது. நல்ல யோசனை, அது அவர் சொன்னதுதான்.

உயரத்தை முடிவு செய்தது அம்மா. மேடைக்குக் கீழே, கேஸ் அடுப்புக்கு அடியில் வைத்தால் இடம் மிச்சம் என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முட்டியிலும் வலி. "ஏட்டி, குனிஞ்சு எடுக்கணும்னா அது எனக்கு வேண்டாம், நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டாள். சூடான தகரத்தைத் தரைப்பக்கம் குனிந்து எடுப்பது அந்த வயதில் உண்மையிலேயே ஆபத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக அம்மாவை அந்த சிமென்ட் அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போய், சுவரோரம் நிற்க வைத்து, முழங்கை எங்கே வருகிறது என்று ஆசாரி பென்சிலால் கோடு போட்டார். அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, தரையிலிருந்து 80 செ.மீ.யில் ஓவனின் அடி வருகிறது. திறந்த கதவு முழங்கைக்குக் கீழே நிற்கும், நடுத்தட்டு கைக்கு நேராக இருக்கும்.

பிறகு மாடல். தொடுதிரை உள்ளதைத்தான் எல்லாக் கடையிலும் முதலில் காட்டினார்கள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் டிஜிட்டல் கடிகாரம் உள்ள சில ஓவன்களில் கரண்ட் போய் வந்தால் மணியைத் திரும்ப வைக்கும் வரைக்கும் ஓவன் சூடாகாது, பாதி வெந்த கேக் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். இன்வெர்ட்டரில் ஓவனை ஓட்ட முடியாது. அதனால் திருகு வைத்த சாதாரண மாடல்தான் எடுத்தேன், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து அதுவே சூடாகும். வோல்டேஜ் இறங்கினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கம்பியின் சூடு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்றபடி மாறும், 230 வோல்ட்டில் 3,000 வாட் தருகிற கம்பி 190 வோல்ட்டில் ஏறக்குறைய 2,050 வாட்தான் தரும். ஓவன் கெட்டுப்போகவில்லை, சூடேற நேரம் கூடும், அவ்வளவுதான். கோடையில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடுகிற ராத்திரியைவிடக் காலையில் கேக் வைப்பது நல்லது.

தானே சுத்தம் செய்துகொள்ளும் பைராலிட்டிக் மாடலை விட்டுவிட்டேன். உள்ளே 500 டிகிரி பக்கம் ஏற்றி அழுக்கைச் சாம்பலாக்கும், விலை ரொம்ப அதிகம். வழவழப்பான எனாமல் சுவரை வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஈரத்துணியால் துடைத்தால் போதுமாக இருக்கிறது.

போன வாரம் மழை விடாமல் பெய்தது. ரொம்ப நாள் கழித்து ஓவனைப் போட்டதும் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச், விழுந்துவிட்டது, எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. விசாரித்தால் கம்பிக்குள் இருக்கிற மக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் கொஞ்சம் கரண்ட் எர்த்துக்குக் கசியும் என்றார் சர்வீஸ் ஆள். திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்து மறுநாளே வந்துவிட்டார். அவர் கம்பியைச் சோதித்துக் காயவைத்துக் கொடுத்தார், இனி மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை வெறும் ஓவனை அரைமணி நேரம் குறைந்த சூட்டில் ஓட்டுவது என்று வைத்திருக்கிறேன்.

மக்ரூன் வந்ததா என்று கேட்பீர்கள். உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததில் 110க்கு வைத்தால் 104க்கும் 116க்கும் நடுவில் ஏறி இறங்குகிறது. ஒன்றரை மணி நேரம் வைத்து, நிறுத்தி, கதவைத் திறக்காமல் அப்படியே ஆறவிட்டோம். மீட்டரில் ஒரு யூனிட்கூட ஆகவில்லை. அம்மா ஒன்றை எடுத்து உடைத்து, உள்ளே பார்த்து, வாயில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் பரண் மேலிருந்து ஆச்சியின் பழைய தகரங்களை இறக்கச் சொன்னாள். நாலையும் தட்டில் வைத்துப் பார்த்தோம், ஒரு தட்டுக்கு இரண்டாக, கதவு மூடுகிறது.