அரை மாத்திரை

இலக்கியக் கூட்டங்களில் என்னிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி: "சினிமாவுக்குப் பாட்டெழுதப் போனதால் கவிதை கெட்டுப்போகவில்லையா?" கேட்பவர்கள் பெரும்பாலும் பதிலை முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அதுவரை கண்ணுக்காக எழுதிக்கொண்டிருந்த என்னைக் காதுக்காக எழுத வைத்தது பாட்டுதான்.

இப்போதெல்லாம் பெரும்பாலும் மெட்டுதான் முதலில் வருகிறது. இசையமைப்பாளர் 'தானன தந்தன' என்று முனகிய ஒலிப்பதிவு வாட்ஸ்அப்பில் வந்து விழும். கூடவே, காட்சியைப் பற்றி இயக்குநரின் இரண்டொரு வாக்கியங்கள். இதைக் கொடுமை என்று புலம்புவோர் உண்டு. 'தானன தந்தன' போன்ற தத்தகாரத்தின் மேல் சொற்களை அமர்த்துவது சினிமா கண்டுபிடித்த வேலை அல்ல. திருப்புகழ் நிற்பதே சந்தத்தில்தான். அருணகிரிநாதருக்கு மறுநாள் காலை ரெக்கார்டிங் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

ஒரு பல்லவியின் இரண்டாம் அடியை 'விளக்கு' என்று முடித்திருந்தேன். தாளில் நன்றாகவே இருந்தது. மெட்டோ அந்த இடத்தில் மேலேறி நான்கு தட்டு நீள்கிறது. சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் இந்த உகரத்துக்கு, அதாவது குற்றியலுகரத்துக்கு, இலக்கணம் தரும் அளவே அரை மாத்திரை: கண்ணிமைக்கும் நேரத்தில் பாதி. பாடகி 'விளக்கூ' என்று இழுக்க வேண்டியதுதான். 'விளக்கே' என்று மாற்றினேன். ஓசை சரியாயிற்று. ஆனால் விளக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பெண், விளக்கோடு பேசத் தொடங்கிவிட்டாள். இரண்டு சரணங்களையும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. அந்த வீட்டில் அவள் பேசுவதற்கு வேறு ஆளில்லை என்பதே அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கவிதைத் தொகுப்பை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. பாட்டை நம்பி நடத்தலாம், வாய்ப்பு வரும் மாதங்களில் மட்டும். முன்பெல்லாம் சம்பளத்தோடு கணக்கு முடிந்துவிடும். 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் பங்கு உண்டு. அந்த உரிமையை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. அதற்குப் பிறகும் ஒரு தயாரிப்பு நிறுவனம், ராயல்டி உட்பட எல்லா உரிமைகளும் தனக்கே என்ற வரியோடு ஒப்பந்தம் அனுப்பியது. அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவர்களுடைய அடுத்த படத்துக்கு அழைப்பு வரவில்லை.

கவிதைகள் இன்னமும் எழுதுகிறேன், யாரும் கேட்காமலேயே. வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகுதான் அச்சுக்கு அனுப்புகிறேன். அவற்றில் குற்றியலுகரத்தில் முடியும் வரிகள் தாராளமாக இருக்கின்றன.