ஹூக்கைக் கழற்றினேன், கயிறு கட்டினேன்: லெ மோர்னில் ஆறு நாள்

செலவு, தங்குமிடம், சாப்பாடு, காற்று என்று ஒழுங்காக வரிசைப்படுத்தி எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. மொரீஷியஸ் தீவின் லெ மோர்ன் கடலில் ஆறு நாள் கைட் (பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் ஓடுவது) ஓட்டிவிட்டு வந்தும் விலாவில் ஒரு கீறல் இல்லை, இடுப்பில் தோல் உரியவில்லை. காரணம் ஹார்னஸின் முன்னால் மாட்டிய 25 செ.மீ. அலுமினியக் கம்பியும் அதில் கட்டிய ஒரு முழக் கயிறும்தான். அந்தக் கதை முதலில். பஸ்ஸும் டாக்ஸியும் பிறகு வரும். அவற்றின் மேல் வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

கைட் ஓட்டாதவர்களுக்கு இரண்டு வரி. இடுப்பில் கட்டும் ஹார்னஸின் இரண்டு பக்கத்தையும் முன்னால் இணைக்கும் கம்பிக்கு ஸ்ப்ரெடர் பார் என்று பெயர். வழக்கமாக அதன் நடுவில் அசையாத ஹூக் ஒன்று இருக்கும். கைட்டின் இழுப்பு முழுக்க சிக்கன் லூப் (கையில் பிடிக்கும் கன்ட்ரோல் பாரின் நடுவில் தொங்கும் கண்ணி) வழியாக அந்த ஹூக்கில்தான் விழும். நேராக ஓட்டும்வரை சிக்கல் இல்லை. உடலைத் திருப்பினால் ஹூக் திரும்பாது, ஹார்னஸையே இழுத்துத் திருகும். கம்பியின் ஒரு முனை விலாவைக் குத்தும். புது வகையில் ஹூக் கிடையாது. கம்பியின் இரு முனைகளுக்கும் நடுவே கயிறு, அதன் மேல் ஓடும் எஃகு வளையம். இழுப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வளையம் நகர்ந்துவிடும். ஹார்னஸ் இருந்த இடத்தில் இருக்கும். ஹூக்கே கயிற்றில் ஓடும்படி செய்த வகையும் உண்டு. பழைய சிக்கன் லூப்பை விட மனசில்லாதவர்கள் அதை வாங்கலாம்.

வளைய வகை வாங்கினால் சிக்கன் லூப்பையும் மாற்ற வேண்டும். அட்டைப் பெட்டியில் இதை எங்கேயும் எழுதவில்லை. தடித்த குழாய் போட்ட பெரிய லூப் வளையத்துக்குள் நுழையாது. இடித்துப் புகுத்தினாலும் ஆபத்து நேரத்தில் வெளியே வராது. குழாய் இல்லாத சின்னக் கயிறு லூப்பைத் தனியாக வாங்கி, குயிக் ரிலீஸில் (ஆபத்தில் இழுத்தால் லூப்பைத் திறந்துவிடும் பூட்டு) மாட்ட வேண்டும். விலை பெரிதில்லை, ஆனால் கடற்கரையில் போய்த் தெரிந்துகொள்ளும் விஷயமில்லை இது.

இனி நீளம். என் கம்பியில் துளைக்குத் துளை 22 செ.மீ. கயிறு 24 செ.மீ. இருந்தால், இழுப்பு விழும்போது வளையம் கம்பியிலிருந்து கிட்டத்தட்ட 4.8 செ.மீ. முன்னால் வந்து நிற்கும். 26 ஆனால் 6.9. 28 ஆனால் 8.7. கயிறு இரண்டு செ.மீ. கூடினாலே கன்ட்ரோல் பார் உடம்பை விட்டு இரண்டு செ.மீ. தள்ளிப் போய்விடுகிறது. காற்று திடீரென்று ஏறும்போது பாரை எட்டித் தள்ளித்தானே இழுப்பைக் குறைக்க வேண்டும்? கை முழுக்க நீண்டபின் அந்த இரண்டு செ.மீ.க்கு எங்கே போவது? கை குட்டையானவர்கள் இதை அளந்தே தீர வேண்டும்.

அப்படியானால் இறுக்கிக் கட்டிவிடலாமே என்று தோன்றும். அதுவும் கூடாது. 22 செ.மீ. இடைவெளிக்கு 22.4 செ.மீ. கயிறு கட்டினால், கிட்டத்தட்ட நேர்கோடாக நிற்கும் கயிற்றின் ஒவ்வொரு பாதியிலும் கைட்டின் இழுப்பைப் போல சுமார் 2.7 மடங்கு விசை விழும். 24 செ.மீ.யில் அது 1.25 மடங்குதான். துணி காயப்போடும் கொடியை விறைப்பாகக் கட்டி ஈரப் போர்வையைப் போட்டால் ஆணி பிடுங்கிக்கொண்டு வருவதில்லையா, அதே கணக்கு. என் கம்பிக்கு 24 சரி. உங்கள் துளை இடைவெளியை அளந்து, அதோடு இரண்டு செ.மீ. கூட்டித் தொடங்குங்கள்.

இந்தக் கணக்கை முதல் நாளே முடிச்சு கெடுத்தது. கயிறு டைனீமா என்ற பாலிஎதிலீன் இழை, 6 மி.மீ. பலத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் வழுக்கும். துளைக்குப் பின்னால் போட்ட எட்டு வடிவ முடிச்சு முதல் ஒரு மணி நேர இழுப்பில் உள்ளுக்குள் இறுகிக்கொண்டே வந்து, 24 ஆக இருந்தது 26ஐத் தொட்டுவிட்டது. அதனால் முடிச்சைப் போட்டதும் தண்ணீருக்கு ஓடாதீர்கள். லெ மோர்ன் கரை நெடுக சவுக்கு மரம். ஒரு தாழ்ந்த கிளையில் லூப்பை மாட்டி, ஹார்னஸோடு பின்னால் சாய்ந்து, முழு எடையையும் கொடுத்து ஐந்து நிமிடம் தொங்குங்கள். முடிச்சு இறுகியதும் அளந்து, அவிழ்த்து, குறைத்துக் கட்டி, மறுபடி தொங்குங்கள். இரண்டாவது தடவை நின்றுவிடும். முடிச்சுக்கு வெளியே வால் 5 செ.மீ.யாவது இருக்கட்டும். முனையைச் சூடான கத்தியால் அறுத்தால் இழை பிரியாது. டைனீமா 150 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும், லைட்டரில் காட்டிய கத்தியே போதும்.

அதே கிளையில் குயிக் ரிலீஸையும் சோதித்துவிடுங்கள். வெறுமனே நின்றுகொண்டு இழுத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. எடை விழும்போது இழுக்க வேண்டும். லூப்பின் முனை வளையத்துக்குள்ளிருந்து தங்குதடையின்றி உருவிக்கொண்டு வர வேண்டும். பத்துத் தடவை செய்து ஒரு தடவை சிக்கினாலும் அந்த லூப்பும் வளையமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். பின்னால் விழுவீர்கள், கீழே மணல் இருக்கிற கிளையாகப் பாருங்கள்.

லீஷ் (லூப் கழன்றாலும் கைட்டை நம்மோடு பிணைத்திருக்கும் பாதுகாப்புக் கயிறு) விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். வளையம் ஓடும் கயிறு கைக்கு வாகாக முன்னால் இருக்கிறதே என்று லீஷையும் அதிலேயே மாட்டுவது. கயிறு அறுந்தால் லீஷும் சேர்ந்து போய்விடும், பிறகு கைட்டைக் கடலில்தான் தேட வேண்டும். லீஷ் ஹார்னஸின் உலோக வளையத்தில் தனியாக இருக்கட்டும். அப்போது கயிறு அறுந்தாலும் கைட் லீஷில் விழுந்து, இழுப்பு இல்லாமல் தண்ணீரில் கிடக்கும்.

உதிரிக் கயிறு கொண்டுபோகாதது என் தப்பு. கரையில் உள்ள வாடகைக் கடை ஒன்றில் அரை மீட்டர் துண்டுக்கு 900 ரூபாய் கேட்டார்கள். மொரீஷியஸ் ரூபாய் நம்முடையதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்பதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள். பகல் கொள்ளை! லா கோலெட் பக்கம் மீன்பிடி சாமான் விற்கும் சின்னக் கடை ஒன்றில் ஒரு மீட்டர் 150தான். கடைக்காரர் நெற்றியில் திருநீறு. இங்கே தமிழர்கள் பலருக்கு வீட்டில் கிரியோல்தான், தமிழ் கோயிலிலும் மாலை வகுப்பிலும் கற்றது. அதனால் பேச்சில் ஒரு பாடப்புத்தக வாசனை இருக்கும். முதலில் நான் எடுத்த வெள்ளைச் சுருளைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "தம்பி, இது நைலான். நீளும். வேண்டாம்." சாம்பல் நிறச் சுருளைக் காட்டி, "இது நீளாது. தண்ணீரில் மிதக்கும். ஆனால் முடிச்சு நழுவும், கவனம்." மூன்று நாளில் நான் கண்டுபிடித்ததை மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார் அய்யா. 200 ரூபாய்த் தாள் கொடுத்தேன், மீதி வந்தது. இந்த ஊர்ப் பணத்தாளில் தமிழில் தொகை அச்சிட்டிருக்கும். 1998இல் தமிழுக்கு மேலே இந்தியைப் போட்டு அச்சடித்த தாள்களை, தமிழர்கள் எதிர்த்துக் கிளம்பியதும் அரசு திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தாளைக் கொடுக்கும்போதெல்லாம் ஒரு சின்ன கர்வம் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது.

சரி, தண்ணீர். மே முதல் நவம்பர் வரை தென்கிழக்குக் காற்று இங்கே நிலையாக வீசும், நான் போன ஜூலை நல்ல மாதம். வேகம் 18 முதல் 25 நாட் (மணிக்குச் சுமார் 33 முதல் 46 கி.மீ.). 72 கிலோ உடம்புக்குப் பெரும்பாலும் 9 சதுர மீட்டர் கைட், இரண்டு நாள் 7. ராமேஸ்வரத்துக் கச்சான் காற்றில் பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே தட்டையான நிலத்தின் மேல் வரும் காற்று, இங்கே 556 மீட்டர் மலை ஒன்று பக்கத்திலேயே நிற்கிறது. காற்று கொஞ்சம் கிழக்கே திரும்பினால் மலையைச் சுற்றி உடைந்து, ஒரு நிமிடம் இல்லாமலும் அடுத்த நிமிடம் அறைந்தும் வரும். அன்றைக்குப் பவளத் திட்டுக்கு (ரீஃப்) உள்பக்கம் இருக்கும் லகூனுக்குள்ளேயே இருங்கள். ரீஃபில் உள்ள இடைவெளி வழியாகத் தண்ணீர் வெளியே இழுக்கும். அந்தப் பக்கம் கைட்டைத் தண்ணீரில் போட்டால் கரை தூரமாகிக்கொண்டே போகும். ஜூலைத் தண்ணீர் 23 டிகிரி சுமார், 2 மி.மீ. அரைக்கை வெட்சூட் போதும்.

முதல் நாள் லகூனில் இரண்டு மணி நேரம். இயல்பான பக்கம் ஓட்டும்போது பழைய ஹூக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, இதற்கா இவ்வளவு காசு என்றுகூடத் தோன்றியது. டோ சைடு போனதும் புரிந்தது. டோ சைடு என்றால் குதிகாலுக்குப் பதில் விரல் பக்கம் பலகையை அழுத்தி ஓட்டுவது. உடல் ஒரு பக்கம் பார்க்கும், கைட் பக்கவாட்டிலிருந்து இழுக்கும். ஹூக்காக இருந்தால் ஹார்னஸ் கால் வட்டம் திரும்பி, கொக்கி இடுப்பெலும்புக்கு வந்துவிடும். இங்கே வளையம் 'சர்' என்று கயிற்றின் ஓரத்துக்குப் போய் நின்றது, அவ்வளவுதான்.

லெ மோர்னில் இது சும்மா சொகுசு இல்லை. கரையில் நின்று கடலைப் பார்த்தால் காற்று இடப்பக்கமிருந்து வருகிறது. வெளியே போகும்போது இடது கால் முன்னால். அலையைப் பிடித்துத் திரும்பும்போது வலது கால் முன்னால் வர வேண்டும். சர்ஃப் பலகையில் இடது கால் முன்னால் வைத்தே பழகியவர் காலை மாற்றாமல் திரும்பினால் வரும் வழி முழுக்க டோ சைடுதான். ஒன் ஐ, மனாவா என்று வெளியே இருக்கும் இரண்டு அலைகளில் மனாவா சாது. ஒன் ஐ ஆழமில்லாத ரீஃப் மேல் வேகமாக இடப்பக்கம் உடையும் அலை. கரையில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்ததோடு சரி. மனாவாவில் மூன்று நாள், எல்லாம் டோ சைடு. பழைய ஹூக்கோடு மூன்றாவது நாள் கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடிந்திருக்காது.

குறையும் இருக்கிறது. ஹூக் என்றால் லூப்பைக் கொக்கியில் போட்டுவிட்டுக் கிளம்பலாம். வளையத்தில் ஒவ்வொரு தடவையும் குயிக் ரிலீஸைத் திறந்து, லூப்பை நுழைத்து, மூட வேண்டும். லெ மோர்ன் மணல் பவளத்தூள், ரவை மாதிரி. ரிலீஸுக்குள் நான்கு பருக்கை போனால் மூடியது போல இருக்கும், மூடியிருக்காது. முழங்கால் தண்ணீரில் நின்று அலசிவிட்டு மூடுங்கள், பிறகு இரண்டு கையாலும் ஒரு வெடுக்கு. அதற்குப் பிறகுதான் கைட்டைப் பிடித்திருப்பவருக்குக் கட்டைவிரல் சைகை. அலையில் லூப்பை ஹூக்கிலிருந்து கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களுக்கு இந்த வகை சரிப்படவே படாது.

அளவையும் பார்த்து வாங்குங்கள். ஹார்னஸைக் கட்டி வாரை முழுக்க இழுத்த பிறகும் கம்பி தளதளவென்று ஆடினால் அது பெரிய அளவு. மேலே ஏறி விலாவில் உட்காரும். பிறகு கயிற்றைக் குறை சொல்லிப் பயனில்லை.

சாப்பாடு: தால் பூரி, ஜோடியாகத்தான் தருவார்கள். மொச்சைக் குழம்பும் தக்காளித் தொக்கும் கொத்தமல்லிச் சட்னியும் தடவி, காகிதத்தில் சுருட்டிக் கொடுப்பார்கள். மூன்று வேளையும் அதையே தின்று பணம் மிச்சப்படுத்தினேன். கரையோர உணவகங்களின் விலைப் பட்டியலைப் படித்தாலே பசி அடங்கிவிடும். ஞாயிறன்று கோயிலில் வாழையிலை போட்டு ஏழு கறி. அதில் வந்த ரசத்தை அவர்கள் 'ரசோன்' என்கிறார்கள். இரண்டு நாள் உப்புத் தண்ணீர் குடித்த தொண்டைக்கு அந்த ரசம் என்ன செய்தது என்று எழுதத் தெரியவில்லை.

விமான நிலையம் தீவின் தென்கிழக்கில், லெ மோர்ன் தென்மேற்கு மூலையில். டாக்ஸிக்காரர் 3,500 கேட்டு 2,200க்கு இறங்கினார். கைட் பையைப் பார்த்ததும் மறுபடி 300 ஏற்றினார், பை சீட்டில் உட்காரப் போகிறதாம். பஸ் மலிவு, ஆனால் ஒன்றரை மீட்டர் பையோடு ஏறினால் கண்டக்டர் முகத்தைப் பார்க்க முடியாது. முதல் பஸ்ஸில் ஏற்றவே இல்லை. இரண்டாவதில் படிக்கட்டோரம் நிறுத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன். மெயின் ரோட்டில் இறக்கிவிட்டார்கள், கரைவரை தோளில் சுமை. சாயங்காலம் ஆறு மணியோடு பஸ்ஸும் அடங்கிவிடுகிறது. காற்று நன்றாக இருக்கிறதே என்று தண்ணீரில் இருந்துவிட்டால் டாக்ஸிதான்.

ஆறாம் நாள் கயிற்றை அவிழ்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். நடுவில் புதுசு போலத்தான் இருந்தது. துளையிலிருந்து வெளியே வரும் இடத்தில், வளையம் போய் இடிக்கும் அந்த ஒரு செ.மீ.யில், இடப்பக்கம் மட்டும் பூனை மயிர் மாதிரி இழை எழும்பியிருந்தது. மூன்று நாள் டோ சைடு ஒரே பக்கம் தேய்த்த தேய்ப்பு, நடுவில் பவள மணல். தினமும் நல்ல தண்ணீரில் அலசி, வளையத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஓரத்தையும் விரலால் நெருடிப் பாருங்கள். மயிர் எழும்பினால் இடம் வலம் மாற்றிக் கட்டலாம். ஓர் இழை அறுந்திருந்தால் குப்பைதான். 150 ரூபாய்க் கயிற்றில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஊர் திரும்பும்போது ஹார்னஸின் சின்னப் பையில் இருக்கும் லைன் அறுக்கும் கத்தியை எடுத்துச் செக்-இன் பையில் போட மறக்காதீர்கள். எடை மிச்சம் பிடிக்க ஹார்னஸைக் கைப்பையில் திணித்தவன் நான். கத்தி போய்விட்டது.