ரிட்டர்ஹூசெட்: ராஜா குடியிருக்காத மாளிகை

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துப் பழகிய நம்மூர்க்காரர்களுக்கு மாளிகை என்றாலே ராஜா இருந்த இடம்தான். அந்தக் கண்ணோடு ஸ்டாக்ஹோமின் ரிட்டர்ஹூசெட்டைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. படுக்கையறை, ஊட்டுப்புரை, அந்தப்புரம் எதையும் அங்கே தேடக் கூடாது. சுவீடன் நாட்டுப் பிரபுக்கள் கூடிப் பேசவும், ஓட்டுப் போடவும், தங்கள் வம்சப் பட்டியலைக் காக்கவும் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது அது.

1729இல் பட்டமேறிய மார்த்தாண்ட வர்மா எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற உள்ளூர்ப் பிரபுக்களை ஒடுக்கித்தான் திருவிதாங்கூரை எழுப்பினார். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னால் சுவீடனில் நடந்தது நேர் எதிர். ஓயாத போர், படைக்கும் நிர்வாகத்துக்கும் பிரபுக்கள் இல்லாமல் முடியாது. 1626இல் இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃப் மன்னர் அவர்களுக்கு முறையான ஒழுங்குவிதி தந்தார். யார் பிரபு, யாருக்கு எந்த வரிசை என்பது பதிவேட்டுக்கு வந்தது. இதன் பின்னால் இருந்த மூளை தலைமை அமைச்சர் அக்செல் ஒக்சென்ஷேர்னா. கட்டடமும் அவர் முயற்சிதான்.

1641இல் தொடங்கிய வேலை 1670களில்தான் முடிந்தது. முதல் கட்டடக்கலைஞர் பிரெஞ்சுக்காரரான சிமோன் டி லா வல்லே. 1642இல் ஒரு சுவீடன் பிரபுவின் கையாலேயே கொல்லப்பட்டார். யாருக்காகக் கட்டினாரோ அந்தக் கூட்டத்து ஆளே! அடுத்து ஹைன்ரிக் வில்ஹெல்ம் என்ற ஜெர்மன் கல்தச்சர். அவர் 1652இல் இறந்தார். பிறகு ஹாலந்துக்காரர் யூஸ்ட் விங்போன்ஸ் 1653 முதல் 1656 வரை இருந்துவிட்டுக் கிளம்பினார். முடித்து வைத்தவர் சிமோனின் மகன் ழான். ஆக நான்கு கைகள். சுவரையும் கூரையையும் தனித்தனியாகப் பார்த்தால் இது விளங்கும்.

சுவர் விங்போன்ஸ் கணக்கு. சிவப்புச் செங்கல் பரப்பின் மேல் வெளிறிய மணற்கல் அரைத்தூண்கள், இரண்டு மாடி உயரத்துக்கும் ஒரே ஓட்டமாக ஏறுகின்றன. தூண்தலையில் இருக்கும் போதிகைகள், இலை வேலைப்பாடுள்ள கொரிந்திய வகை. மாடிக்கு மாடி தனித்தூண் வைத்திருந்தால் கட்டடம் குறுகித் தெரியும். ஒரே தூணாக ஏற்றியதால்தான் இந்த நிமிர்வு. மணற்கல்லில் இலை, பூ எல்லாம் நுணுக்கமாகச் செதுக்க வரும். ஆனால் சுசீந்திரத்துக் கருங்கல் மாதிரி அது தாங்காது. ஈரத்தைக் குடிக்கும், குளிரில் அந்த ஈரம் உறைந்து விரியும்போது மேற்பரப்பு செதில் செதிலாக உதிரும். முதலில் போவது நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகள்தான்.

கூரை மகனுடையது. என் கணக்கில் கட்டடத்தின் ஆகச் சிறந்த பகுதி. கீழே வளைந்து இறங்கும் ஒரு சரிவு, அதன் மேல் செங்குத்தான குட்டைச் சுவர், அதற்கும் மேலே இன்னொரு சரிவு. சேட்டரி கூரை என்பார்கள். பெரிய கூரையை ஒரே சரிவாக இறக்கினால் பார்வைக்குக் கட்டடத்தையே அமுக்கிவிடும். நடுவில் முறித்ததால் கனம் தெரியவில்லை. அந்தக் குட்டைச் சுவரில் சன்னல் வைத்தால் உள்ளே வெளிச்சமும் வரும். இப்படிக் கூரை முறியும் இடம்தான் எந்த ஊரிலும் ஒழுக்குக்கு வழி. நம் ஓட்டு வீடுகளில் இரண்டு கூரை சேரும் பாத்தியில் சருகு அடைத்தால் ஓட்டைத் தாங்கும் கழுக்கோல் உளுத்துப்போகும். அங்கே சருகுக்குப் பதில் பனி. சுவீடனின் கிராமத்துப் பண்ணை மாளிகைகள் பலவும் பிறகு இந்தக் கூரையைத்தான் காப்பியடித்தன.

உள்ளே பெரிய மண்டபம். விதானத்தில் டேவிட் க்ளாக்கர் எரென்ஸ்ட்ரால் வரைந்த ஓவியம். சுவர் கொள்ளாமல் 2,300க்கும் மேற்பட்ட குலச்சின்னங்கள், ஒவ்வொன்றும் செப்புத் தகட்டில் தீட்டப்பட்டு எண்ணிட்டது. இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். எண் ஒரே வரிசை இல்லை. கிரேவ் என்ற உயர்பட்டத்தாருக்கு ஒரு வரிசை, ஃப்ரீஹெர்ரே என்ற அடுத்த நிலைக்கு ஒன்று, பட்டமில்லாப் பிரபுக்களுக்கு ஒன்று. ஒரு கிளை பட்டம் உயர்ந்தால் அதற்குப் புது வரிசையில் புது எண் வரும். அதனால் ஒரே குடும்பப் பெயர் வெவ்வேறு எண்களில் இருக்கும். தகட்டை எண்ணிக் குடும்பக் கணக்குப் போட்டால் தப்பாகும். கிரேவ் வரிசையில் முதல் எண் பிராஹே குடும்பத்துக்கு. அந்த வம்சம் 1930இல் அற்றுப்போனது. கடைசி ஆண்வாரிசின் அடக்கத்தில் குலக்கேடயத்தை உடைக்கும் வழக்கம் சுவீடனில் உண்டு. மண்டபத்துத் தகட்டில் யாரும் கைவைப்பதில்லை.

மண்டபம் முடிந்த சூட்டோடு அடி விழுந்தது. 1680இல் பதினோராம் கார்ல் மன்னர், பிரபுக்களிடம் போயிருந்த அரசு நிலங்களைப் பெருமளவில் திரும்பப் பிடுங்கினார். ஓட்டுரிமை மட்டும் தொடர்ந்தது. பிரபுக்கள், மதகுருமார், நகரத்தார், குடியானவர் என நான்கு அவைகள் கொண்ட பழைய நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஓர் அவை. அந்த நான்கையும் கலைத்து இரண்டு அவைகளாக்கும் மசோதா 1865 டிசம்பரில் இதே மண்டபத்துக்கு வந்தது. டிசம்பர் 7ஆம் தேதி 361க்கு 294 என்ற கணக்கில், தங்கள் அவையை மூட அவர்களே சம்மதித்தார்கள்.

இதற்குப் பிறகு 1870இல்தான் வடக்குப் பக்கத்து இரண்டு சிறு கட்டடங்கள் எழுந்தன, ழான் போட்டு வைத்த பழைய திட்டப்படி. பிரபுக்களின் நாடாளுமன்ற அவை போனாலும் பதிவேட்டு வேலை இருந்ததே, அதுதான் கட்டடத்தைக் காப்பாற்றியது. கடைசியாகப் பிரபுப் பட்டம் வாங்கியவர், திபெத்தில் சுற்றிய பயணி ஸ்வென் ஹெடின், 1902இல். 2003இல் அரசோடு இருந்த சட்டத் தொடர்பும் அறுந்து, ரிட்டர்ஹூசெட் தனியார் அமைப்பாகிவிட்டது.