மேஸ்திரியின் உரிம எண்

வீடு டீச்சரம்மாவுடையது, கேள்வி அவருடைய மகனுடையது. ஏற்காட்டில் பழைய ஓட்டு வீட்டைப் பழுதுபார்த்து, பின்புறம் இரண்டு அறைகள் சேர்க்கும் வேலை. நான் எழுதிக் கொடுத்த ஒப்பந்த வரைவைப் படித்துவிட்டுக் கலிபோர்னியாவிலிருந்து மகன் தொலைபேசியில் கேட்டார்: "கான்ட்ராக்டரின் உரிம எண் எங்கே?"

கேட்டதில் தப்பில்லை. அங்கே வீட்டு மராமத்து ஒப்பந்தத்தில் மாநில வாரியம் கொடுத்த உரிம எண் இருந்தாக வேண்டும். முன்பணம் 10 சதவீதமா 1,000 டாலரா, எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. உரிமம் இல்லாதவர் வேலையை முழுதாக முடித்துக் கொடுத்திருந்தாலும் பணம் கேட்டு வழக்குப் போட முடியாது. எல்லாம் அவரே விளக்கினார்.

பதிலுக்கு நான் நம் ஊர் நிலவரத்தைச் சொன்னேன். பொதுப்பணித் துறைப் பதிவு அரசு டெண்டர் எடுப்பவர்களுக்கானது. தனி வீடு கட்டும் மேஸ்திரிக்கு உரிமம் கொடுக்க இங்கே அலுவலகமே கிடையாது. சுவருக்குள் வயர் இழுப்பவருக்கு உரிமம் வேண்டும். சுவரை எழுப்புகிறவருக்கு வேண்டாம். மலைப்பகுதி என்பதால் அனுமதியில் கூடுதல் கெடுபிடி உண்டுதான், ஆனால் அது மனைக்கும் வரைபடத்துக்கும் உரியது.

"அப்படியானால் அதையே எழுதிவிடுங்கள்" என்றார்.

எழுதினேன். "இப்பணிக்கென ஒப்பந்ததாரரிடம் அரசு உரிமமோ பதிவோ எதுவும் இல்லை என்பதை உரிமையாளர் அறிவார்." இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

மேஸ்திரிக்கு வரைவைப் படித்துக் காட்டினேன். அடித்தளம், லிண்டல், கூரை, பூச்சு என்று தவணை பிரித்ததற்குத் தலையாட்டினார். முன்பணத்தில் மட்டும் மல்லுக்கு நின்றார்: மணலும் ஜல்லியும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும், லாரிக்காரன் கடன் சொல்ல விடமாட்டான். நியாயம், கூட்டிக் கொடுத்தோம். ஒரு மழைக்காலம் முழுதும் தாண்டும்வரை ஒழுகலுக்கு அவரே பொறுப்பு என்பதற்கும் சரி என்றார். பிறகு அந்த வரி வந்தது. "இன்னொரு தடவை படியுங்கள்" என்றார். படித்தேன்.

"என்னிடம் இல்லாதது எத்தனையோ இருக்கிறது, சார். எல்லாவற்றையும் எழுதுவீர்களா? இருப்பதை எங்கே எழுதியிருக்கிறீர்கள்?"

"இது வெறும் தகவல்தான், மேஸ்திரி" என்றேன்.

வேறென்ன சொல்லியிருக்க முடியும்? ஒப்பந்தம் எழுதுகிறவன் நற்சான்றிதழ் எழுதுகிறவன் அல்ல. மட்டப்பலகை வைக்காமலே தளத்தின் வாட்டத்தைச் சொல்லிவிடும் அவருடைய கண்ணை எந்தப் பிரிவில் சேர்ப்பது? கேட்ட கேள்விக்கு உள்ள பதிலை எழுத்தில் வைத்தேன், அவ்வளவுதான். ஆனால், இந்த மாவட்டத்தில் எந்த மேஸ்திரியிடமும் இல்லாத ஒன்றை, இவர் ஒருவரிடம் மட்டும் இல்லை என்பதுபோலப் படிக்கும்படி எழுதியதும் நான்தான். பொதுவாக எழுதியிருக்கலாம். "இத்தகைய பணிக்குத் தனி உரிமம் சட்டத்தில் இல்லை" என்று. அதுவும் உண்மையே. இரண்டு உண்மைகளில் மகனுக்குப் பிடித்ததை ஏன் எடுத்தேன் என்பதற்கு, கட்டணம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைத் தவிர வேறு காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அச்சில் பார்த்ததும் மகனுக்குப் பயம் வந்துவிட்டது. வேலை சேலத்தில் ஒரு நிறுவனத்துக்குப் போனது. அவர்களுடைய தாளில் ஜிஎஸ்டி எண் கொட்டை எழுத்தில் இருந்தது. அது வரி கட்டுவதற்கான எண், கட்டடம் தெரியும் என்பதற்கு அல்ல என்று சொல்லிப் பார்த்தேன். ஏதோ ஓர் எண் இருக்கிறதே என்றார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பில்லைப் பற்றிக் கேட்க டீச்சரம்மா அழைத்தார். பேச்சுவாக்கில், "வேலை நன்றாக நடக்கிறது தம்பி, அதே மேஸ்திரிதான் வருகிறார்" என்றார். அந்த நிறுவனம் சதுர அடிக் கூலிக்கு அவரையே அமர்த்தியிருக்கிறது. டீச்சரம்மாவுக்குச் செலவு கூடியது, மேஸ்திரிக்கு வரவு குறைந்தது. சுவர் அதே சுவர்.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு, இலவசமாக அல்லாமல் செய்த வேலையின் பயனை ஒருவர் அனுபவித்தால் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது. அதாவது, என் தாள் இல்லாமல் வாய்ப்பேச்சில் வேலையைத் தொடங்கியிருந்தாலும் இங்கே அவருக்குச் சட்டத்தின் துணை இருந்திருக்கும். இதை நினைக்கும்போது கொஞ்சம் உறுத்துகிறது. தாள் இல்லாமல் வேலை தொடங்கி ஆண்டுக்கணக்கில் பேசாமல் போன அண்ணன் தம்பிகளை நினைத்தால் உறுத்தல் போய்விடுகிறது.

அந்த வரி என் மாதிரிப் படிவத்தில் இன்னும் இருக்கிறது. முன்பு முதல் பக்கத்தில் இருந்தது. இப்போது கடைசியில், தண்ணீரும் மின்சாரமும் யார் பொறுப்பு என்பதற்குப் பிறகு வருகிறது. படித்துக் காட்டும்போது அந்த இடத்தில் மட்டும் நான் வேகமாகப் போய்விடுவதாக அலுவலகத்துப் பையன் சொல்கிறான். எல்லாவற்றையும் ஒரே வேகத்தில்தான் படிக்கிறேன்.